கடிதம் வந்துவிட்டது, கையெழுத்துக்கு முன் கணக்குப் போடுவோம்



பிள்ளைகளின் பட்டப்படிப்பு முடியும் காலம் நெருங்கினால் நம் வீடுகளில் இப்போது ஒரே பேச்சுதான். "பெரியவனுக்கு லண்டனிலிருந்து எம்.பி.ஏ. சீட் வந்திருக்கிறது, கனடாவிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது, எதை எடுப்பது?" லேக் மார்க்கெட்டில் காய் வாங்கும் இடத்திலும், கோயில் பிரகாரத்திலும், சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும் இடத்திலும் இந்தக் கேள்வி காதில் விழுகிறது.

டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் மெயிலில் ஹௌராவில் வந்து இறங்கி, டல்ஹௌசி சதுக்கத்துக் கம்பெனிகளில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று வெளிநாட்டு வணிக நிர்வாகக் கல்லூரிகளின் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். இது வளர்ச்சிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கடிதம் வந்த மறுநாளே ஊரிலுள்ள காணிக்குப் பத்திரம் தேடத் தொடங்குகிறார்களே, அதைத்தான் நாம் நிறுத்தி யோசிக்கச் சொல்கிறோம்.

அனுமதிக் கடிதம் பரிசுச் சீட்டு அல்ல. "இவ்வளவு பணம் கட்டினால் உனக்கு இடம் தருகிறோம்" என்று சொல்லும் விலைச்சீட்டு அது. விலைச்சீட்டை வாங்கியவர் செய்ய வேண்டிய முதல் வேலை மகிழ்ச்சியில் லட்டு வழங்குவது அல்ல, கணக்குப் போடுவது.

நாடு முக்கியமா, கல்லூரி முக்கியமா?

நம் மக்கள் முதலில் கேட்பது "எந்த நாடு?" என்பதுதான். "எந்தக் கல்லூரி?" என்பது இரண்டாவது. "எந்தப் படிப்பு, அதை முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்பதைக் கேட்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

வணிக நிர்வாகக் கல்லூரிகளை எடைபோட உலகம் வைத்திருக்கும் அளவுகோல்கள் சில உண்டு. அமெரிக்காவின் ஏ.ஏ.சி.எஸ்.பி., பிரிட்டனின் அம்பா, ஐரோப்பாவின் ஈக்விஸ் என்ற மூன்று அமைப்புகள் தரச்சான்று வழங்குகின்றன. மூன்றில் ஒன்றுகூட இல்லாத கல்லூரி கடிதம் அனுப்பியிருந்தால், அதை முதலில் ஒதுக்கி வையுங்கள். லண்டன் என்று கடிதத்தில் இருந்தாலும், எங்கோ வடக்கே இருக்கும் பல்கலைக்கழகம் லண்டனில் வாடகைக்கு எடுத்த ஒரு கட்டடத்தில் வகுப்பு நடக்கலாம். வகுப்பு நடக்கும் முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. எம்.பி.ஏ. என்பது உண்மையில் சில ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கான படிப்பு. உலகின் பெரிய கல்லூரிகள் வேலை அனுபவம் கேட்கின்றன. நம் ஜோகாவில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகம் நடத்தும் ஓராண்டு எம்.பி.ஏ.வுக்கே குறைந்தது 5 ஆண்டு அனுபவம் வேண்டும். நேற்று பி.காம். முடித்த பையனுக்கு, எந்த அனுபவமும் கேட்காமல், ஒரு வாரத்தில் எம்.பி.ஏ. சீட் அனுப்புகிற கல்லூரி யாரைத் தேடுகிறது? மாணவனையா, மாணவனின் தந்தை அடகு வைக்கப்போகும் நிலத்தையா?

வேலை வாய்ப்பு பற்றிக் கல்லூரிகள் அச்சிடும் எண்களிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "சராசரிச் சம்பளம்" என்பார்கள். பத்துப் பேரில் ஒருவர் ஒரு கோடி வாங்கினால், மற்ற ஒன்பது பேர் சும்மா இருந்தாலும் சராசரி பத்து லட்சம் வந்துவிடும்! ஆகவே சராசரியைக் கேட்காதீர்கள். எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று கேளுங்கள். வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்த நாட்டிலேயே வேலை கிடைத்தது என்று தனியாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற கல்லூரி தன் பதிலைச் சொல்லிவிட்டது என்றே பொருள்.

இந்திரா நூயி கதையின் மறுபக்கம்

இந்தப் பேச்சு எழுந்தாலே யாராவது ஒருவர் இந்திரா நூயியின் பெயரைச் சொல்லிவிடுவார். 1955-ல் சென்னையில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, நம் கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் 1976-ல் பட்டயம் பெற்றவர். 1978-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து நிர்வாகக் கல்லூரிக்குச் சென்றவர். 2006 முதல் 2018 வரை பெப்சிகோ என்னும் மாபெரும் நிறுவனத்தின் தலைமை அதிகாரி. தமிழ்ப் பெண், கல்கத்தாவில் படித்தவர் என்பதால் நமக்கு இரட்டிப்புப் பெருமை.

பெருமைப்படுவோம். ஆனால் கதையை முழுதாகச் சொல்லுவோம். அவர் கடல் கடந்தபோது கையில் இருந்தவை என்ன? ஒன்று, இந்தியாவின் முதல் தரக் கல்லூரி ஒன்றின் பட்டயம். இரண்டு, இந்தியாவில் கம்பெனிகளில் வேலை பார்த்த அனுபவம். மூன்று, யேல் கல்லூரியே முன்வந்து கொடுத்த நிதி உதவி. அப்படியிருந்தும் அங்கே இரவு நேர வரவேற்பாளராக வேலை பார்த்துச் செலவைச் சமாளித்தார். அன்று ஒரு டாலர் சுமார் 8 ரூபாய். 2025 டிசம்பரில் அது 90 ரூபாயைத் தாண்டியது.

இதில் பாடம் எது? "அமெரிக்கா போனார், உயர்ந்தார்" என்பதல்ல. கல்லூரி தன் பணத்தையும் அவர் பக்கம் வைத்தது என்பதுதான். உன்னை உண்மையிலேயே விரும்பி அழைக்கும் கல்லூரி, உன் செலவில் ஒரு பங்கைத் தானும் ஏற்கும். இரண்டு கடிதங்கள் வந்திருந்தால், தரவரிசையில் பத்து இடம் கீழே இருந்தாலும், பாதிக் கட்டணத்தை உதவித்தொகையாகத் தரும் கல்லூரியை முதலில் பாருங்கள்.

உதவித்தொகை கேட்டுப் பெற வேண்டிய ஒன்று என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஒரு கல்லூரி தந்த உதவித்தொகைக் கடிதத்தை இன்னொரு கல்லூரிக்கு அனுப்பி, "உங்களிடமே சேர விரும்புகிறேன், ஆனால் என் குடும்ப நிலை இது, உதவியைக் கூட்ட முடியுமா?" என்று பணிவாக எழுதுவது அந்த நாடுகளில் வழக்கம். யாரும் கோபித்துக்கொண்டு சீட்டைப் பறிப்பதில்லை. மிஞ்சிப் போனால் "இயலாது" என்பார்கள். பணம் கட்டும் கடைசி நாளைத் தள்ளிப்போடவும், ஓராண்டு கழித்துச் சேரவும்கூடக் கேட்கலாம். மீன் கடையில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற நாம், முப்பது லட்சத்துக்கு வாய் திறக்காமல் தலையாட்டலாமா?

வட்டி போடும் குட்டி

இனிக் கணக்குக்கு வருவோம். ஓராண்டு வெளிநாட்டுப் படிப்புக்குக் கட்டணம், தங்கும் செலவு, விமானம், விசா எல்லாம் சேர்த்து 30 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நூற்றுக்கு 11. படிக்கும் ஓராண்டும், அதற்குப்பின் வேலை தேட அவகாசம் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி தூங்குவதில்லை. இரண்டு ஆண்டில் 6 லட்சத்து 60 ஆயிரம் ஏறி, கடன் 36 லட்சத்து 60 ஆயிரமாக நிற்கும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 50,000 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் கட்டி முடிப்பது 60 லட்சம்!

அங்கே வேலை கிடைத்தால் பரவாயில்லை, அடைத்துவிடலாம். கிடைக்காமல் திரும்பி வந்து சால்ட் லேக்கில் 40,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தால்? சம்பளத்தைவிடத் தவணை பெரிது. அப்போது கடனைக் கட்டுவது யார்? ஓய்வு பெறும் வயதில் இருக்கும் அப்பா. இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே? வங்கிகளின் பொதுவான மாதிரித் திட்டப்படி ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கப்படுகிறது. அதாவது வீடோ நிலமோ பத்திரத்தோடு வங்கிக்குள் போய்விடுகிறது.

ஆகவே நாம் சொல்லும் சூத்திரம் மிகவும் எளிது. "வெளிநாட்டு வேலை கிடைக்காமல், இந்தியச் சம்பளத்தில் இந்தக் கடனை அடைக்க முடியுமா?" முடியும் என்றால் போகலாம். முடியாது என்றால் அந்தக் கடிதம் எந்தக் கல்லூரியுடையதாக இருந்தாலும் அது சூதாட்டம்.

நாளைக்கு மாறும் சட்டம்

"படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டு அங்கேயே வேலை பார்க்கலாம்" என்ற நம்பிக்கையில்தான் பலர் கடன் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் என்ன? இன்னொரு நாட்டு அரசின் ஓர் ஆணை. அதை அவர்கள் நினைத்தபோது மாற்றுவார்கள். மாற்றியும் வருகிறார்கள்.

பிரிட்டன் 2021 ஜூலையில் படித்து முடித்தோருக்கு இரண்டாண்டு வேலை அனுமதி கொடுத்தது. 2024 ஜனவரி முதல், எம்.பி.ஏ. போன்ற படிப்புக்கு வருவோர் மனைவி மக்களை அழைத்து வரக்கூடாது என்றது. வேலை அனுமதி கேட்டு 2027 ஜனவரி முதல் நாளிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டாண்டு 18 மாதமாகக் குறையும் என்றும் அறிவித்துவிட்டது. கனடா 2024 ஜனவரியில் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு போட்டது. அமெரிக்கா 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி விசாவில் ஆள் எடுக்கும் கம்பெனி 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று ஆணை போட்டது.

அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். ஆனால் பத்தாண்டுக் கடனை, இரண்டாண்டுகூட நிலைக்காத சட்டத்தை நம்பி வாங்குவது விவேகமா? உழைக்கும் மக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏஜெண்டு யாருடைய ஆள்?

"எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை, எல்லாம் இலவசமாகச் செய்து தருகிறார், தங்கமான மனிதர்" என்று ஏஜெண்டுகளைப் பற்றிச் சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. தோழர்களே, இலவசமாக யாராவது ஆபீஸ் வாடகை கட்டுவார்களா? மாணவன் கட்டும் கட்டணத்திலிருந்து கல்லூரி அவருக்குக் கமிஷன் தருகிறது. அதனால் எந்தக் கல்லூரி அதிகக் கமிஷன் தருகிறதோ அதுவே "உங்கள் பையனுக்கு மிகப் பொருத்தமான" கல்லூரி ஆகிவிடுகிறது. கமிஷனே தராத நல்ல கல்லூரியின் பெயர் அவர் வாயில் வருமா?

இதில் சட்டத்தின் ஓட்டையும் இருக்கிறது. வெளிநாட்டுக்கு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். படிப்புக்கு ஆள் அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. பஞ்சாப் மாநிலம் 2012-ல் தனிச் சட்டம் இயற்றி இவர்களையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. 2023-ல் கனடாவில் என்ன நடந்தது? ஏஜெண்டு கொடுத்த போலி அனுமதிக் கடிதத்தோடு போன இந்திய மாணவர்கள், படித்து முடித்து வேலையிலும் சேர்ந்தபின், நாடு கடத்தப்படும் அபாயத்தில் நின்றார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே நேரில் சரிபார்க்கும் முறையை அந்நாடு கொண்டுவந்தது.

நம் முன்னோர்கள் கல்கத்தாவுக்கு வருமுன் என்ன செய்தார்கள்? ஏற்கெனவே இங்கே வந்திருந்த ஊர்க்காரருக்கு ஒரு கடுதாசி போட்டார்கள். "வேலை உண்டா, வாடகை என்ன, மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்ப முடியும்?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே வண்டி ஏறினார்கள். அதே வழிதான் இன்றைக்கும். சென்ற ஆண்டு அதே கல்லூரியில் அதே படிப்பை முடித்த மாணவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். விளம்பரத்தில் சிரிக்கிறவரை அல்ல, நீங்களாகக் கண்டுபிடித்தவரை.

கையருகே இருப்பதைக் காணாமல்

வெளிநாட்டு மோகத்தில் நம் காலடியில் இருப்பதை மறந்துவிடுகிறோம். இந்தியாவில் நிர்வாகக் கல்விக்கென்றே முதன்முதலில் தொடங்கப்பட்ட நிறுவனம் எது தெரியுமா? 1953-ல் காலேஜ் ஸ்கொயரில் தொடங்கிய சமூகநல, வணிக மேலாண்மை நிறுவனம். கல்கத்தா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு அங்கே மாலை வகுப்பும் உண்டு. 1961-ல் நாட்டின் முதல் இந்திய மேலாண்மைக் கழகம் பி.டி. ரோட்டில் எமரால்டு பவர் மாளிகையில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஸ்லோன் கல்லூரியின் துணையோடு தொடங்கி, பின்னர் ஜோகாவுக்கு மாறியது. மேலே சொன்ன மூன்று தரச்சான்றுகளையும் இந்தியாவில் முதலில் பெற்றதும் அதுவே. உலகம் தேடி அங்கீகரித்த கல்லூரி டயமண்ட் ஹார்பர் சாலையில் இருக்கிறது. நாமோ பெயர் தெரியாத ஊரின் கல்லூரிக்கு நிலத்தை விற்கிறோம்!

ஜோகாவிலும் கட்டணம் குறைவில்லை, இரண்டாண்டுக்குச் சுமார் 27 லட்சம். நுழைவுத் தேர்வும் கடினம். ஆனால் இந்தியாவிலுள்ள தரமான அரசு நிறுவனங்களில் இடம் பெற்றவருக்குச் சொத்துப் பிணை இல்லாமலே கடன் கிடைக்கும்படி 2024 நவம்பரில் மத்திய அரசு வித்யாலட்சுமித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் அதில் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு இது கிடையாது.

மேற்கு வங்க அரசு 2021 ஜூன் 30-ல் தொடங்கிய மாணவர் கடன் அட்டைத் திட்டம் 10 லட்சம் வரை, 4 விழுக்காடு தனிவட்டியில், உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் என்று அறிவிக்கப்பட்டது. மாநிலத்தில் பத்தாண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வங்காளியாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை! முப்பதாண்டு இங்கே வாழும் நம் குடும்பங்களில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? "அது அவர்களுக்கு" என்று நாமே ஒதுங்கிக்கொண்டோம். வங்கிக்குப் போய் இப்போதைய விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ் என்னும் சுவர்

இங்கேதான் புலம்பெயர்ந்தவனின் உண்மையான சிக்கல் வருகிறது. தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உள்ள குடும்பம் கல்கத்தாவில் குடியேறினால், மேற்கு வங்க மாநில நிறுவனங்களில் அந்தப் பிள்ளைக்கு இடஒதுக்கீடு இல்லை. 1990-ல் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால் மத்திய அரசு நிறுவனங்களில் சொந்த மாநிலத்து நிலை செல்லும். இந்திய மேலாண்மைக் கழகங்கள் மத்திய அரசுடையவை. தாழ்த்தப்பட்டோருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடம் அங்கே உண்டு. தந்தைக்குத் தமிழ்நாட்டில் கொடுக்கப்பட்ட சான்றிதழைக் காட்டினால், குடியேறிய மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் தரலாம் என்று 1985-ல் மத்திய அரசு சுற்றறிக்கையும் அனுப்பியிருக்கிறது.

இது தெரியாமல் எத்தனை பிள்ளைகள் பொதுப் பிரிவில் எழுதித் தோற்றுவிட்டு, "இங்கே நமக்கு இடமில்லை" என்று வெளிநாட்டுக் கடனில் விழுகிறார்கள்! பிற்படுத்தப்பட்டோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, மத்தியப் பட்டியலிலும் சாதிப் பெயர் இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசின் தேசிய உதவித்தொகையும் இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். 2025-ல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கே முதலில் கடிதம் கொடுத்து, மற்றவர்களைப் பணம் வரட்டும் என்று காக்க வைத்தார்கள். ஏழையின் பிள்ளைக்குச் சேரும் நாள் காத்திருக்குமா என்று கேட்க நாதியில்லை.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடங்கியபோது, 2002 பட்டியலில் தாத்தா பெயரைத் தேடி நாம் அலைந்த அலைச்சல் நினைவிருக்கிறதல்லவா? ஆவணம் இல்லாதவனுக்கு உரிமை இல்லை என்பது அன்றைக்கே புரிந்தது. பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போதே சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள்.

மகளுக்கு என்ன பதில்?

இன்னொரு செய்தியை மனம் கசந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மகனுக்கு ஐம்பதாவது தரத்துக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தால் நிலத்தை விற்கிறோம். மகளுக்கு நல்ல கல்லூரியே உதவித்தொகையோடு கடிதம் அனுப்பினாலும், "கல்யாணத்துக்கு வைத்த பணம்" என்று பெட்டியைப் பூட்டுகிறோம். இந்திரா நூயியின் பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மகளின் கடிதத்தை மடித்து வைப்பது எந்த நியாயம்? இரண்டு பிள்ளைகளின் கடிதங்களையும் ஒரே தராசில் நிறுங்கள். தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் பணம் போகட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

போகாதே என்று நாம் யாரையும் தடுக்கவில்லை. ஊரை விட்டு வந்து பிழைத்த கூட்டம் நாம், போகிறவனுக்கு வழி மறிக்க நமக்கு உரிமையும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு போ என்கிறோம். அதற்காக மூன்று காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, சங்கம் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். வெளிநாட்டிலும் இங்கும் நிர்வாகப் படிப்பு முடித்த நம் பிள்ளைகள் எந்தக் கல்லூரி, எவ்வளவு கடன், என்ன வேலை என்பதை அதில் எழுத வேண்டும். வெற்றியை மட்டுமல்ல, திரும்பி வந்தவர்களின் கதையையும் எழுத வேண்டும். கடன்பட்டவன் வெட்கப்பட்டு மறைவதால்தான் அடுத்தவனும் அதே குழியில் விழுகிறான்.

இரண்டாவது, புலம்பெயர்ந்தோர் சான்றிதழுக்கு 1985 சுற்றறிக்கை இருந்தும் அலுவலகங்களில் அலைக்கழிக்கும் நிலை தீர, இரு மாநில அரசுகளிடமும் சங்கம் மனுக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, படிப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுகளையும் உரிமத்துக்குள் கொண்டுவந்து, எந்தக் கல்லூரியிடம் என்ன கமிஷன் வாங்குகிறார் என்பதை எழுத்தில் சொல்ல வைக்கும் சட்டம் வேண்டும் என்று குரல் கொடுக்க வேண்டும். பஞ்சாபில் உரிமம் கேட்க முடிந்தது வங்காளத்தில் முடியாதா?

பணம் கட்டும் கடைசி நாள் என்று கடிதத்தில் ஒரு தேதி போட்டிருக்கும். அந்தத் தேதிக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கடிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, தந்தையும் தாயும் பிள்ளையுமாகச் சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள். கணக்குத் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆயுள் முழுவதும் அடுத்தவர் கம்பெனியின் கணக்கை எழுதியவர்கள் அவர்கள். இனி நம் வீட்டுக் கணக்கை எழுதுவோம்.